தபால் மூட்டை சுமந்த விமானிகளும் ஊவாவின் இளைஞர்களும்

புஷ்பக விமானத்தைப் பற்றிய கதைகளுக்கு ஊவாவில் பஞ்சமில்லை. எல்லவில் இராவணன் பெயரால் ஒரு குகையும் ஒரு நீர்வீழ்ச்சியும் இருக்கின்றன. மகியங்கனைக்கு அருகிலுள்ள வெரகந்தொட்டவில்தான் அந்த விமானம் தரையிறங்கியது என்றும் சொல்வார்கள். ஆனால் விமானி உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கௌரவமான முதல் வேலையை எங்கே தேடுவது என்று ஓர் இளைஞன் கேட்டால், அந்தக் கதைகளில் விடை கிடையாது.

இக்கேள்வியை என்னிடம் எழுப்புவோர் இப்போது கூடியிருக்கிறார்கள். பத்திரிகையில் நெடுங்காலம் உழைத்தவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை போலும். பெரிய பயணிகள் விமானச் சேவைகள் அனுபவம் இல்லாதவரை எளிதில் எடுப்பதில்லை. சிறிய சரக்கு விமான நிறுவனங்கள் எடுக்கின்றன. அவற்றை நம்பிச் சேரலாமா, நல்ல நிறுவனம் எது என்று எப்படி அறிவது என்பதே கேள்வியின் சாரம். விமான விற்பன்னன் அல்லன் நான். ஆயினும் இதற்கு விடை சொல்ல வரலாறு போதும் என்பது என் துணிபு. ஏனெனில் விமானிகளின் முதல் வேலை, தொடக்கம் முதலே பயணிகளைச் சுமப்பதாக இருந்ததில்லை. கடிதங்களையும் பொதிகளையும் சுமப்பதாகவே இருந்தது.

முதலில் பறந்தது கடிதம்

உலகின் முதலாவது அதிகாரபூர்வ விமானத் தபால் 1911 பெப்ரவரி 18ஆம் திகதி, அலகாபாத்தில் நடைபெற்ற கண்காட்சித் திடலிலிருந்து கங்கைச் சமவெளியின் மேல் பறந்தது. ஹென்றி பெக்கே என்ற இளம் பிரெஞ்சு விமானி ஏறத்தாழ 6,500 கடிதங்களை ஏற்றிக்கொண்டு யமுனையைக் கடந்து நைனியில் இறங்கினார். 13 நிமிடப் பயணம். வானூர்தியை விளையாட்டுப் பொருளாகப் பார்த்தவர்களுக்கு, அதற்கும் ஒரு தொழில் உண்டு என்று அன்று தெரிந்தது.

தொழில் என்று வந்த பிறகு முதலாளியும் வந்தான், தகராறும் வந்தது. அமெரிக்காவில் 1918 மே 15ஆம் திகதி ஒழுங்கான விமானத் தபால் சேவை தொடங்கியது. தபால் திணைக்களமே விமானிகளை வேலைக்கு அமர்த்தியது. திறந்த இருக்கை, நம்பத்தகாத இயந்திரம், வானொலித் தொடர்பு இல்லை. 1927 வரையிலான காலத்தில் முப்பதுக்கு மேற்பட்ட விமானிகள் அச்சேவையில் உயிரிழந்தனர்.

1919 ஜூலையில் நியூயோர்க்கின் பெல்மொன்ட் பார்க் களத்தில் கடும் மூடுபனி. தபாலுடன் புறப்பட மறுத்த இரு விமானிகள், லியோன் ஸ்மித், ஹமில்டன் லீ ஆகியோர், வேலை நீக்கம் செய்யப்பட்டனர். சேவையை நடத்தியவர் ஒட்டோ பிரேகர் என்ற உயரதிகாரி. அட்டவணைப்படி புறப்பட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அவர் முன்பு பத்திரிகையாளராக இருந்தவர் என்பதை எழுதும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. அச்சகம் காத்திருக்காது என்று பழகிய மனம், மூடுபனியும் காத்திருக்காது என்று எண்ணியிருக்கலாம்.

சக விமானிகள் வேலைநிறுத்தம் செய்தனர். சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது. பறப்பதா வேண்டாமா என்பதை வொஷிங்டனில் அமர்ந்திருப்பவர் அல்லாது, களத்தில் நின்று வானத்தைப் பார்க்கும் அதிகாரியே தீர்மானிப்பார் என்று முடிவாயிற்று. நீக்கப்பட்ட இருவரில் லீ மட்டும் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இச்சம்பவத்தை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சரக்கு விமான வரலாற்றில் நல்ல முதலாளிக்கும் கெட்ட முதலாளிக்கும் இடையிலான கோடு அன்று பெல்மொன்ட் பார்க்கில் வரையப்பட்டது. சம்பளம் எவ்வளவு என்பது அந்தக் கோடு அன்று. விமானம் புதியதா பழையதா என்பதும் அன்று. 'இன்று பறக்க முடியாது' என்று விமானி சொன்னால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்கிறதா என்பதே அது.

தபால் வேலையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சார்ள்ஸ் லிண்ட்பேர்க் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியாகக் கடந்தது 1927இல். அதற்கு முந்தைய ஆண்டில் அவர் செயின்ட் லூயிஸ் நகருக்கும் சிக்காகோவுக்கும் இடையே தபால் சுமந்துகொண்டிருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் செயின்ட் எக்சுபெரி 1926இல் லாட்டேகொயர் நிறுவனத்தில் சேர்ந்து ஆபிரிக்கக் கரையோரமாகத் தபால் கொண்டு சென்றார். செல்வாக்கு இல்லாதவனும் திறமையைக் காட்டக்கூடிய வாசலாகத் தபால் மூட்டை அன்று இருந்தது.

கராச்சியிலிருந்து இரத்மலானைக்கு

நம் பக்கத்துக் கதை 1932 ஒக்டோபர் 15ஆம் திகதி தொடங்குகிறது. ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒற்றை இயந்திரப் 'பஸ் மொத்' விமானத்தில் தபால் கொண்டுவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனைக் கொண்டு சென்றவர் நெவில் வின்சென்ட். டாட்டாவையும் வின்சென்டையும் தவிர அந்நிறுவனத்தில் இருந்த விமானி ஹோமி பருச்சா ஒருவரே. பம்பாயில் அவர்களது விமானக்களம் ஜூஹு கடற்கரைச் சேற்றுநிலம். மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கும். அப்போது புனாவுக்குப் போய்விடுவார்கள்.

இன்றைய அளவுகோலில் அது மிகச் சிறிய சரக்கு நிறுவனம். ஆயினும் 1933-34ஆம் ஆண்டுக்கான அரசாங்க அறிக்கை அதன் நேரந்தவறாமையை வியந்து பாராட்டியது. சிறிய நிறுவனம் என்றால் நம்பத்தகாத நிறுவனம் என்று கருதுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நன்று. பிற்காலத்து எயார் இந்தியா அந்தச் சேற்றுநிலத்தில் பிறந்த நிறுவனமே.

இலங்கையில் இரத்மலானை விமானத்தளத்தில் முதல் விமானம் இறங்கியது 1935 நவெம்பர் 27ஆம் திகதி. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ அதனை ஓட்டிவந்தார். 1938இல் டாட்டாவின் தபால் சேவை திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கு நீண்டது. ஆக, ஒழுங்கான அட்டவணையுடன் இலங்கைக்கு வந்த விமானச் சேவையின் தொடக்கத்திலும் தபாலே நிற்கிறது.

போர்க்காலத்திலும் இந்த முறை மாறவில்லை. 1943 முதல் 1945 வரை காலிக்கு அருகிலுள்ள கொக்கலை வாவிக்கும் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலீனா நீர்விமானங்கள் பறந்தன. சுமார் 5,600 கிலோமீற்றர் தூரம். 27 மணி நேரம் முதல் 30 மணி நேரத்துக்கும் மேலாக இடைநிற்காத பறப்பு. சூரியன் இருமுறை உதிப்பதைப் பயணத்திலேயே காணலாம் என்பதால் 'இரட்டைச் சூரியோதயம்' என்று அதற்குப் பெயர். அத்தனை நீண்ட பயணத்தில் ஏற்றப்பட்டவை கொஞ்சம் தபாலும் அதிகம் போனால் மூன்று பயணிகளும் மட்டுமே. மீதி இடத்தையெல்லாம் எரிபொருள் பிடித்துக்கொண்டது.

போர் முடிந்தபோது டக்கோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. எயார் சிலோன் 1947 டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதற் பறப்பைத் தொடங்கியது டக்கோட்டாவில்தான். இந்தியாவில் 1949இல் இரவுத் தபால் சேவை தோன்றியது. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்படும் விமானங்கள் நாகபுரியில் கூடி, மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. பகலெல்லாம் உறங்கி இரவெல்லாம் உழைக்கும் சரக்கு விமானியின் வாழ்க்கை நம் பிராந்தியத்தில் அங்கே உருப்பெற்றது எனலாம். சென்னையைத் தளமாகக் கொண்டு 1996இல் பறக்கத் தொடங்கிய புளூ டார்ட் ஏவியேஷன் அந்த இரவு மரபின் வாரிசு.

காகிதம் இல்லாதவர்கள்

இனி நம் மலைக்கு வருவோம். எயார் சிலோன் விமானம் முதன்முதலாகப் பறந்த வேளையில் எல்ல, தெமோதரை, பதுளைத் தோட்டங்களின் இளைஞர்கள் என்ன நிலையில் இருந்தார்கள்? தோட்டத்தில் கௌரவமான வேலை என்றால் கணக்கப்பிள்ளை வேலை. அதற்கு அடுத்தது தோட்டப் பாடசாலை ஆசிரியர் வேலை. பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த ரயிலே அவர்களுக்கு வெளியுலகம்.

அந்த ஓராண்டு இடைவெளியில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். எயார் சிலோன் 1951இல் அரசுக் கூட்டுத்தாபனமாயிற்று. அதே ஆண்டில் வான்படையும் உருவாயிற்று. ஆக, விமானிக்கு வேலை கொடுக்கக்கூடிய இரு பெரும் வாசல்களும் அரசின் வாசல்களாக இருந்தன. பிரசாவுரிமைச் சான்றிதழ் இல்லாதவன் அவற்றின் அருகே செல்வதற்கே வழியில்லை. வான்படையின் தரைப்போர்ப் பயிற்சிப் பாடசாலை பின்னாளில் தியத்தலாவையில், எல்லவுக்கு அயலிலேயே அமைந்தது. அயலில் இருந்தென்ன? அனுமதிக்கும் காகிதம் லயத்தில் இல்லை.

1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொண்டன. இத்தனை இலட்சம் மனிதர்கள் சரக்கைப் போலப் பங்கிடப்பட்டு, அதே பதுளை ரயிலில் தலைமன்னார் நோக்கிப் புறப்பட்டார்கள். இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே நாடற்றவர் என்ற நிலையைத் துடைத்தது. 1948க்கும் 2003க்கும் இடையே 55 ஆண்டுகள். டக்கோட்டா ஓட்டியவர்கள் ஜெட் விமானங்களுக்கு மாறி ஓய்வும் பெற்றுவிட்ட காலம் அது.

எனவே ஊவாத் தோட்டத்திலிருந்து ஒருவர் விமானியாக விரும்புவது இன்று புதுமையாகத் தோன்றுகிறது என்றால், அதற்குக் காரணம் திறமைக் குறைவன்று. வாசல் திறந்ததே அண்மையில்தான்.

வாசல் திறந்த பின்னும் படிக்கட்டு உயரமானது. வணிக விமானி உரிமத்துக்குச் சாதாரணமாக 200 மணிநேரப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஒருங்கிணைந்த பயிற்சியில் 150 மணிநேரம். செலவு ஒரு கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. ஒரு கோடியை அதனால் வகுத்தால் 7,400 நாட்கள். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும், உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தால் 24 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இவ்வளவு கடன்பட்டு உரிமம் பெற்றவன் முதல் வேலைக்கு ஏங்குவது இயல்பு. அந்த ஏக்கத்தை அறிந்த முதலாளிகளும் உலகில் உண்டு என்பதுதான் கவலை.

தேயிலை ஏன் பறப்பதில்லை

ஊவாவில் சரக்குக்குப் பஞ்சமில்லையே, இங்கேயே ஒரு சரக்கு விமானச் சேவை ஏன் தோன்றவில்லை என்று சிலர் கேட்பதுண்டு. விமானத்தில் ஏறுவது விரைவில் கெடும் பொருள், அல்லது எடைக்கு விலை மிகுந்த பொருள். கச்சான் காற்றுக் காலத்து ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் உண்டு. எனினும் அது காய்ந்த பொருள். கப்பலில் வாரக்கணக்கில் செல்லலாம். ஆகவே லொறியிலேறிக் கொழும்புக்குச் சென்று கடல்வழி போகிறது. வெலிமடை, பண்டாரவளை மரக்கறி பறக்கலாம். ஆனால் அதுவும் கட்டுநாயக்காவிலிருந்து, பெரும்பாலும் பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான். 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் வெல்லவாய வழியாக எல்லவுக்கு அண்மையானது. அதன்மீது ஊவா மக்கள் வைத்த நம்பிக்கை பெரிது. ஆனால் 2015இல் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டைகளே அடுக்கப்பட்டிருந்தன.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியபோது அன்டொனொவ், இலியூஷின் விமானங்கள் உலகச் சந்தையில் மலிவாக வாடகைக்குக் கிடைத்தன. 1990களில் இலங்கையில் தோன்றிய சிறு நிறுவனங்கள் பலவும் அவற்றை நாடின. ஆனால் அவை பெரும்பாலும் விமானிகள், பொறியியலாளர்கள் சகிதம் முழுக் குழுவோடு வாடகைக்கு வந்தவை. நம் இளைஞனுக்கு அங்கே இருக்கை இல்லை. அக்காலத்தில், 1997இல் எக்ஸ்போ எயார் என்று தொடங்கி, சரக்குச் சேவையில் வளர்ந்து, பின்னர் ஃபிட்ஸ் எயார் என்று பெயர் மாறிய நிறுவனம் 2022 ஒக்டோபரில் சர்வதேசப் பயணிகள் சேவையில் இறங்கியது. மூட்டையிலிருந்து மனிதருக்கு என்ற பழைய பாதை இங்கும் தொடர்வதைக் காண்கிறோம்.

அக்காலத்தின் இருண்ட பக்கமும் உண்டு. 2000 மார்ச் 24ஆம் திகதி பாங்கொக்கிலிருந்து சரக்குடன் வந்த அன்டொனொவ்-12 விமானம் ஒன்று கட்டுநாயக்காவை அடையுமுன் எரிபொருள் தீர்ந்து கடிரானையில் வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்தவர்களும் தரையில் இருந்தவர்களும் மாண்டனர். மலையகத்தாருக்கு விமான விபத்து என்றால் 1974 டிசெம்பர் 4ஆம் திகதிதான் நினைவுக்கு வரும். இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டினெயார் டி.சி.-8 விமானம், மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் இறந்தனர். தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து உரிய காலத்துக்கு முன்னரே கீழிறங்கியமையே காரணம். அது பயணிகள் விமானம். எனினும் அது உணர்த்தும் பாடம் சரக்கு விமானிக்கும் உரியது. மலைக்கும் எரிபொருளுக்கும் அட்டவணை தெரியாது.

நல்ல நிறுவனத்தை அறிவது எப்படி

சரக்கு விமானி கேள்வி கேட்பவனாக இருக்க வேண்டும். அவனுக்குப் பின்னே இருப்பவை பேசா. 2010 செப்டெம்பர் 3ஆம் திகதி டுபாயில் யூ.பி.எஸ். நிறுவனத்தின் விமானத்தில் லிதியம் மின்கலங்கள் தீப்பற்றி விமானிகள் இருவரும் இறந்தனர். 2013 ஏப்ரல் 29ஆம் திகதி ஆப்கானிஸ்தானின் பக்ராமில், ஏற்றப்பட்ட கவச வாகனம் கட்டவிழ்ந்து பின்னோக்கி நகர்ந்ததால் விமானம் விழுந்து ஏழு பேர் மடிந்தனர். பெரிய நாடுகளின் சட்டமும் சரக்கு விமானியைச் சற்றுக் குறைவாகவே கவனிக்கிறது. அமெரிக்கா 2011இல் விமானிகளின் ஓய்வு நேர விதிகளைத் திருத்தியபோது சரக்கு நிறுவனங்களுக்கு விலக்களித்தது.

ஆகவே முதல் வேலையைத் தேடுவோர் சில காகிதங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும். முதலாவது, நடத்துநர் சான்றிதழ். இலங்கையில் இதனை வழங்குவது 2002ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. வேலை ஒப்பந்தத்திலுள்ள பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனமாயின், ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் வெளியிட்டுவரும் தடைப் பட்டியல் எவரும் பார்க்கக்கூடியது.

இரண்டாவது, பணம் எந்தப் பக்கம் பாய்கிறது என்பது. குறித்த வகை விமானத்துக்கான பயிற்சியை நிறுவனம் தந்து, அதற்காகச் சில ஆண்டு உழைப்பைப் பிணையாகக் கேட்பது வழக்கத்தில் உள்ளதே. இருக்கையில் அமர்வதற்கே விமானி பணம் கட்ட வேண்டும் என்றால் அது வேலை அன்று, வியாபாரம். அங்கே வாடிக்கையாளர் அந்த விமானியே.

மூன்றாவது, பறப்புப் பதிவேடு. பறக்காத மணித்தியாலங்களைப் பேனாவால் பறப்பதை விமானிகளே 'பார்க்கர் பேனாப் பறப்பு' என்று கேலி செய்வார்கள். 2011இல் இந்தியாவில் போலிச் சான்றிதழ் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைதானபோது அங்கே ஆயிரக்கணக்கான உரிமங்கள் மீள்பரிசோதனைக்கு உள்ளாயின. பொய்க் கணக்கு எழுதச் சொல்லும் நிறுவனம், இறுதியில் அந்தப் பொய்யை விமானியின் தலையில்தான் கட்டும்.

நான்காவது, காகிதத்தில் இல்லாதது. அங்கே பணிபுரிந்து விலகியவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டும்: கடைசியாகப் பறக்க மறுத்தவருக்கு என்ன நடந்தது? இக்கேள்விக்கு முகம் மாறாமல் பதில் கிடைக்குமாயின் அந்த நிறுவனம் சிறியதாயினும் போகலாம். அமெரிக்காவில் ஃபெட் எக்ஸ் நிறுவனம் 1973 ஏப்ரலில் 14 சிறு விமானங்களுடன் முதல் இரவில் 186 பொதிகளைச் சுமந்து தொடங்கியது. இன்றும் அதற்காகச் சிற்றூர்களுக்குச் செஸ்னா கரவான் விமானங்களை ஓட்டும் சிறு நிறுவனங்கள் உண்டு. 1,500 மணிநேரத்தை நோக்கிச் செல்லும் இளம் விமானிகளுக்கு அவை நல்ல பாடசாலைகளாக இருக்கின்றன. சிறுமை இழுக்கன்று, மறுக்கும் உரிமை இல்லாமையே இழுக்கு.

தோட்டத்து மூத்தோர் ஒரு துண்டுக் காகிதத்துக்காக அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தவர்கள். எந்தக் காகிதத்தில் கையொப்பமிடலாம், எதில் கூடாது என்பதன் அருமை அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் வேலை கிடைக்கச் சற்றுத் தாமதமானால் பரவாயில்லை. மூடுபனி நாளில் தரையில் நிற்கத் துணிந்த ஹமில்டன் லீ, அதன் பின்னரும் பல்லாண்டுகள் விமானியாகவே பறந்து ஓய்வு பெற்றார் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.